பதினொன்றரை மணிக்கு வந்த போன்

நைனா,

பருப்புப் பொடி டப்பாவை எடுக்கும்போது இந்தக் காகிதங்கள் உன் கையில் தட்டுப்படும். வேலைக்குப் போன ஊரில் பெட்டியைத் திறந்ததும் துணியைப் பார்ப்பதற்கு முன்னால் நீ தின்கிற பொருளைத்தான் தேடுவாய் என்று எனக்குத் தெரியும், அதனால்தான் அங்கே வைத்தேன். நேரிலேயே சொல்லியிருக்கலாம். சொன்னால் நீ குறுக்கே குறுக்கே பேசுவாய், நான் அழுவேன், இரண்டு பேரும் சாப்பிடாமல் படுப்போம், சொல்ல வந்த விஷயம் பாதியிலேயே நின்றுபோகும். எழுதினால் கடைசி வரைக்கும் நீ கேட்டே ஆக வேண்டும். பத்தாவது படித்தவள் எழுத்து. பிழை இருந்தால் திருத்திக்கொள், விஷயத்தைத் திருத்தாதே.

போன ஞாயிற்றுக்கிழமை சமுதாயக் கூடத்தில் உனக்குச் சால்வை போட்டார்களே, அன்றிலிருந்து எனக்குச் சரியாகத் தூக்கமில்லை. நம் காலனியிலிருந்து முதல்முதலாக ஒரு பையன் வி.ஏ.ஓ. ஆகியிருக்கிறான், அதுவும் தலையாரி வீட்டுப் பிள்ளை. கம்பெனிக்குப் போகிறவர்கள்கூட லீவு போட்டுவிட்டு வந்திருந்தார்கள். நீ மைக்கைப் பிடித்து என்னைப் பற்றிப் பேச ஆரம்பித்தாய். "வெள்ளம் வந்த அன்னிக்கு ஆபீஸ்லேர்ந்து ஒரே ஒரு போன் எங்கம்மாவுக்கு வந்திருந்தா, மைக்க எடுத்துக்கினு தெருத் தெருவா ஓடி ஊரையே எழுப்பியிருப்பாங்க. ஸ்டெல்லா அத்தை இன்னிக்கு இங்க முன்னாடி உக்காந்துக்கினு இருந்திருக்கும். ஊர்த் தலையாரிக்கே சொல்லாத கவர்மெண்ட்டு அது. அந்தக் கோவத்துலதான் நான் படிச்சேன்" என்றாய். முன் வரிசையில் உட்கார்ந்திருந்த அருள் மாமா எழுந்து நின்று கைதட்டினார். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது, துடைக்கக்கூட இல்லை. அவர் எழுந்ததும் கூட்டமே எழுந்தது. நான் மட்டும் எழவில்லை. பெருமையில் அம்மாவுக்குக் கையும் காலும் ஓடவில்லை என்று நீ நினைத்திருப்பாய்.

போன் வந்தது, நைனா. காலை பதினொன்றரை மணிக்கு வந்தது. நான்தான் எடுத்தேன்.

இதை எழுதிவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். பன்னிரண்டு வருடமாக யாரிடமும் சொல்லாத ஒரு வரி. இனி மெதுவாகச் சொல்கிறேன், கேள்.

உன் அப்பா இந்த ஊருக்குத் தலையாரியாக இருந்தபோது தப்பட்டை அடித்துத்தான் தண்டோரா போடுவார். ஏலம், வரி, ரேஷன் கார்டு, போலியோ சொட்டு மருந்து, எதுவானாலும் நாலு அடி அடித்துவிட்டு, "இதனால் சகலமானவர்களுக்கும்" என்று தொடங்குவார். நீ கைக்குழந்தையாக இருந்தபோது அந்தச் சத்தம் கேட்டால்தான் சிரிப்பாய். அவர் போனதும் கருணை அடிப்படையில் அந்த வேலை எனக்கு வந்தது. முதல் நாளே ஆபீஸில் சொல்லிவிட்டேன், "தப்பட்டையத் தொட மாட்டேன் சார். காலங்காலமா எங்காளுங்க அடிச்சது போதும். மைக்கு குடுங்க, கத்தறேன்" என்று. சிரித்தார்கள். ஆனாலும் ஒரு கை மைக் வந்தது, சிவப்பு வாய் வைத்தது, ஒரு பக்கம் நசுங்கியது. அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நான் சைக்கிளில் போனால் தெருப் பிள்ளைகள் பின்னாலேயே ஓடி வரும். உனக்கு அதில் அப்படி ஒரு பெருமை. பள்ளிக்கூடத்தில் "உங்கம்மா இன்னா பண்றாங்க" என்று கேட்டால், "எங்கம்மா பேசினா ஊரே கேக்கும்" என்பாயாம். உன் டீச்சர் சொல்லிச் சிரித்தார்கள்.

ஸ்டெல்லாவை நீ மறந்திருக்க மாட்டாய், ஆனாலும் எனக்குத் தெரிந்த ஸ்டெல்லாவைச் சொல்கிறேன். நமக்கு அடுத்த வீடு, நீலக் கதவு. அவளுடைய அம்மாவும் என் அம்மாவும் ஒரே வயலில் நாற்று நட்டவர்கள். அந்த வயலெல்லாம் பிளாட்டாகிப் போன பிறகு அவள் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலைக்குப் போனாள், அவள் புருஷன் அருள் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் கிரேன் ஹெல்பர் ஆனார். அவர்களுக்குக் குழந்தை இல்லை. அதனால் நீ பாதி அவர்கள் வீட்டுப் பிள்ளை. கம்பெனியில் டீயோடு ஒரு சமோசா கொடுப்பார்கள், அதைத் தின்னாமல் டிஷ்யூ பேப்பரில் சுற்றி உனக்கென்று கொண்டுவருவாள். கம்பெனி வேன் வரும் நேரத்துக்குப் புளியமரத்து ஸ்டாப்பில் போய் நிற்பாய். நசுங்கி, எண்ணெய் ஊறி, ஆறிப்போன சமோசா. நான் சூடாகப் போட்டுக் கொடுத்த வடையை விட்டுவிட்டு அதைத்தான் நக்கி நக்கித் தின்பாய், எனக்கு எரிச்சலாக வரும். "பொறாமையா உனுக்கு? புள்ளைய எழுதிக் குடுத்துரு" என்று அவள் கிண்டல் பண்ணுவாள்.

அவளுக்கு நைட் ஷிப்ட் என்றால் நம் வரிசைக்கே ஒரு சட்டம் உண்டு. பகலில் அவள் தூங்கும்போது நீலக் கதவுக்கு முன்னால் பந்து விளையாடக் கூடாது, பாத்திரம் தேய்க்கக் கூடாது, மீன்காரர்கூடக் கூவாமல் போவார். யாராவது சத்தம் போட்டால் நீதான் வாயில் விரல் வைத்து விரட்டுவாய். நம் காலனியில் எந்த நாளும் பகலில் பத்து வீட்டிலாவது இப்படி ஆள் தூங்கிக்கொண்டிருக்கும். வெளியூர்க்காரர்களுக்கு இது தெரியாது. பகலில் வெள்ளம் வந்ததால் நல்லதாகப் போயிற்று, எல்லாரும் விழித்திருப்பார்கள் என்று அப்புறம் பார்க்க வந்த அதிகாரி ஒருவர் என்னிடமே சொன்னார். செருப்பைக் கழற்றலாமா என்றிருந்தது. கழற்றவில்லை. எனக்கு அந்த யோக்கியதை இல்லை.

வெள்ளத்துக்கு முந்தின வருடம் நடந்ததையும் சொல்ல வேண்டும், அது தெரியாவிட்டால் உனக்கு மற்றது விளங்காது. அந்த வருடமும் இப்படித்தான் மழை. ஏரி தளும்புகிறது என்று யாரோ சொன்னதும் நான் யாரையும் கேட்காமல் மைக்கை எடுத்துவிட்டேன். "காலனி ஜனங்க எல்லாரும் ஸ்கூல் மாடிக்கு வாங்கோ, கொழந்தைங்கள தூக்கிக்கினு வாங்கோ" என்று தொண்டை கிழியக் கத்தினேன். மொத்தக் காலனியும் வந்தது. உனக்கு அது திருவிழா. ஸ்டெல்லா பெரிய அண்டாவில் உப்புமா கிண்டினாள், கிறிஸ்துமஸுக்குப் பழகிக்கொண்டிருந்த பாட்டை எல்லாருக்கும் சொல்லிக் கொடுத்தாள், சாமி கும்பிடுகிற நம் ஆட்களெல்லாம் கை தட்டிக்கொண்டு பாடினார்கள். அருள் உன்னைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார். இப்போதுகூட உப்புமா வாசனை வந்தால் எனக்கு அந்த மாடி ஞாபகம்தான் வரும். நான் வாழ்ந்ததிலேயே நல்ல நாள் எது என்று கேட்டால் கல்யாணத்தைச் சொல்ல மாட்டேன், அதைத்தான் சொல்வேன்.

ஏரியை அன்றைக்குத் திறக்கவில்லை. மழை நின்றுவிட்டது. மறுநாள் எனக்கு மெமோ வந்தது. உத்தரவு இல்லாமல் பீதி கிளப்பினேனாம். ஊரிலும் சிரித்தார்கள், "தலையாரியம்மா நம்பள டூர் கூட்டிக்கினு போச்சி" என்று. கம்பெனிக்குப் போகாமல் மாடிக்கு வந்தவர்களுக்கு அன்றைய சம்பளம் போயிற்று, அதற்கும் என்னைத்தான் திட்டினார்கள். எனக்கு வேலை இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. "இன்னொரு தபா இப்டி பண்ணா ஊட்டுக்குப் போ" என்று ஆபீஸில் சொல்லிவிட்டார்கள். அன்றைக்கு ஒரு பாடம் கற்றுக்கொண்டேன், நைனா. தப்பான பாடம்.

அடுத்த வருடம் கார்த்திகையில் மூன்று நாள் விடாமல் பெய்தது. உனக்குப் பள்ளிக்கூடம் லீவு. பதினொன்றரைக்கு போன் வந்தது. ஆபீஸில் ஒரு சார், பெயர் வேண்டாம், அவர் இப்போது உயிரோடு இல்லை. "ஏரி ரொம்பிப்போச்சிம்மா. தொறந்தாலும் தொறப்பாங்க. சும்மா உன் காதுல போட்டு வெக்கறேன். ஆர்டர் வர்ற வரிக்கும் வாயத் தொறக்காத. போன வருசம் மாதிரி ஜனத்த பேஜார் பண்ணிட்டு, தொறக்கலன்னா யாரு பதில் சொல்றது?" என்றார். சரிங்க சார் என்றேன். அவ்வளவுதான் பேச்சு. மைக் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தேன், எடுக்கவில்லை.

எடுக்கவில்லையே தவிர, சும்மா இருக்கவுமில்லை. அதுதான் என்னை அறுக்கிறது. உனக்கு ஒரு செட் துணியைப் பையில் போட்டேன். வேப்பம்பட்டில் உன் சித்திக்குப் போன் பண்ணி, "புள்ளைய அனுப்பறேன், திருவள்ளூர் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து கூட்டிக்கினு போ" என்றேன். உன்னிடம், சித்தி பார்க்க வேண்டுமாம் என்று பொய் சொன்னேன். அந்த நாள் உனக்கு எப்படி ஞாபகம் இருக்கிறது என்று பலமுறை சொல்லியிருக்கிறாய். ஜன்னல் சீட்டு, சித்தி வாங்கிக் கொடுத்த பரோட்டா, போர்வைக்குள் படுத்துக்கொண்டு டிவி. நல்ல நாள் என்பாய். நீ அப்படிச் சொல்லும்போதெல்லாம் நான் ஏதாவது வேலை இருப்பதுபோல் அடுப்பங்கரைக்குப் போய்விடுவேன். கவனித்திருக்கிறாயா?

பஸ்ஸுக்குப் போகும் வழியில் நீலக் கதவுக்கு முன்னால் நின்றேன். அவள் செருப்பு வாசலில் நனைந்து கிடந்தது, கம்பெனிப் பை ஜன்னல் கம்பியில் தொங்கியது. தட்டலாமா என்று கையைத் தூக்கினேன். நீ என் புடவையை இழுத்து, வாயில் விரல் வைத்துக் காட்டினாய். அத்தை தூங்குகிறது என்று. நான் கையை இறக்கிவிட்டேன். பதினோரு வயதுப் பிள்ளை நீ, சட்டத்தைக் காப்பாற்றினாய், உன் மேல் ஒரு துளிகூடக் குற்றமில்லை. இதை உன்னிடம் சொல்லாமலே விட்டிருக்கலாம். ஆனால் பல வருடம் அந்த விரலைத்தான் நான் சாக்காக வைத்துக்கொண்டிருந்தேன், பிள்ளைதான் தடுத்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு. பெற்ற பிள்ளை மேலேயே பழியைப் போட்டேன். அதற்காகவும் என்னை மன்னித்துவிடு.

கண்டக்டரிடம் சொல்லி உன்னை உட்கார வைத்துவிட்டுத் திரும்பினேன். மூன்று மணிக்குத் தண்ணீர் வந்தது. வாய்க்கால் பக்கமிருந்து பழுப்பாக, சத்தமே இல்லாமல் வந்தது. விழித்திருந்தவர்கள் மேட்டுக்கு ஓடினார்கள். அப்போதுதான் மைக்கை எடுத்துக்கொண்டு கத்தினேன், இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு, யாருக்குக் கேட்டதோ தெரியாது. தூங்கியவர்களை ஜன்னலை உடைத்து இழுத்தார்கள். நீலக் கதவு உள்பக்கம் தாழ் போட்டிருந்தது, தண்ணீர் அழுத்தியதில் திறக்கவில்லை. மேலிருந்து உத்தரவு நாலு மணிக்கு வந்தது. தாழ்வான பகுதி மக்கள் பாதுகாப்பான இடத்துக்குப் போக வேண்டுமாம். அப்போது நாங்கள் பள்ளிக்கூட மாடியில் நின்றுகொண்டிருந்தோம். உப்புமா கிண்ட ஆளில்லை.

மூன்று நாள், நைனா. மூன்று நாள் ஒரு அரசாங்க வண்டி வரவில்லை. பழவேற்காட்டு மீனவர்கள் படகை லாரியில் ஏற்றிக்கொண்டு தாங்களாகவே வந்தார்கள், அவர்கள்தான் எங்களை இறக்கினார்கள். பால் கொடுக்க முடியாத தாய்மார்கள், இன்சுலின் போட வேண்டிய கிழவர்கள், எல்லாரும் அந்த மாடியில்தான். ஒரு மூலையைப் புடவையால் மறைத்துக் கக்கூஸாக்கிக்கொண்டோம். காட்டுப்பள்ளியிலிருந்து அருள் பாதி வழி நடந்தும் பாதி வழி நீந்தியும் மறுநாள் வந்து சேர்ந்தார். அப்புறம்தான் ஜீப் வந்தது, கேமரா வந்தது. மழை வரலாறு காணாத மழை என்றார்கள். பெய்வது மழையின் வேலை. ஏரியைத் திறக்கப் போகிறேன் என்று கீழே இருக்கிறவனுக்குச் சொல்வது யார் வேலை? அதை ஒருத்தர் வாய் திறந்து சொல்லவில்லை. யாருக்கும் ஒரு மெமோகூட வரவில்லை. கத்தியதற்கு மெமோ கொடுத்தவர்கள், கத்தாததற்குக் கொடுக்கவில்லை. உன் கோபத்தில் ஒரு பங்குகூடக் குறைக்கச் சொல்ல மாட்டேன். அது நியாயமான கோபம்.

ஆனால் அந்த அரசாங்கத்தின் கடைசி விரல் நான்தான். இதைக் கேள். வெள்ளம் வடிந்து ஐந்தாம் நாள் ஆபீஸில் ஒரு காகிதத்தை நீட்டினார்கள். தண்டோரா சான்று. அன்று காலை பத்து மணிக்கே கிராமம் முழுவதும் எச்சரிக்கை செய்யப்பட்டது, கீழே கையெழுத்திட்ட பொதுமக்கள் இதற்குச் சாட்சி என்று டைப் அடித்திருந்தது. "மேல போய்ச் சேரணும்மா, இது இல்லன்னா எல்லாருக்கும் தலவலி, மொதல்ல உனுக்குத்தான்" என்றார்கள். கீழே நான் கையெழுத்துப் போட்டேன். சாட்சிக்கு ஐந்து பேர் வேண்டும். அரிசியும் போர்வையும் வாங்க வரிசையில் நின்றவர்களிடம் நிவாரண லிஸ்டை நீட்டிக் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தேன். அதற்கடியில் இந்தக் காகிதத்தை வைத்து, "இதுலயும் ஒண்ணு போடுங்கோ" என்றேன். யார் படித்தார்கள்? தலையாரியம்மா சொன்னால் போடுவார்கள். நாலாவதாக நின்றது அருள். அவளைப் புதைத்து ரெண்டு நாள்தான் ஆகியிருந்தது. "எங்கக்கா?" என்று கேட்டார். விரலை வைத்துக் காட்டினேன். போட்டார்.

அவருடைய பெண்டாட்டிக்கு முன்கூட்டியே சொல்லியும் அவள் கேட்காமல் வீட்டிலேயே தூங்கினாள் என்பதற்கு அவரே சாட்சி. அந்தக் காகிதம் இன்னமும் எந்த அலமாரியிலோ இருக்கிறது. என்னை வேலையில் நிரந்தரம் பண்ணினார்கள். அந்தச் சம்பளத்தில்தான் நீ திருவள்ளூரில் கோச்சிங் போனாய். ஊரில் யாராவது கேட்டால், "எனக்கே சொல்லலையே, எனக்கும் உங்களாட்டந்தான்" என்று அழுவேன். எல்லாரும் என்னைத் தேற்றுவார்கள். அருள் தேற்றுவார். என்னிடம் கேட்டே நீயும் அதை நம்பி வளர்ந்தாய்.

நீ போகிற ஊர் நாகப்பட்டினத்துப் பக்கம், கடலோரம். புயல் தெரிந்த ஊர். உனக்கும் ஒரு நாள் போன் வரும். காதில் போட்டு வைக்கிறேன், வாயைத் திறக்காதே என்று ஒரு சார் நல்லவராகவே பேசுவார். என் சார்கூட நல்லவர்தான், உன் அப்பாவின் காரியத்துக்கு வந்து நின்றவர். கெட்டவர்கள் சொன்னால் எதிர்த்துக்கொள்ளலாம். நல்லவர்கள் சொல்லும்போதுதான் சரிங்க சார் என்று வாயில் வந்துவிடுகிறது. அன்றைக்கு உன் பெட்டியைக் கட்டுகிற எண்ணம் வந்தால், அதுதான் கதவைத் தட்ட வேண்டிய நேரம் என்று தெரிந்துகொள். மெமோ வந்தால் வரட்டும், ஊர் சிரித்தால் சிரிக்கட்டும். உன் ஊரில் யார் யார் பகலில் தூங்குவார்கள் என்று போன முதல் வாரமே கேட்டு வைத்துக்கொள்.

இதுவரைக்கும் எழுதி முடித்தது நேற்று. இன்று காலை இதை எடுத்துக்கொண்டு அருள் வீட்டுக்குப் போனேன். உன்னிடம் சொல்வதற்கு முன்னால் அவரிடம் சொல்லாவிட்டால் இது கடிதமே இல்லை. அவர் டீ போட்டுக்கொண்டிருந்தார். "உக்காருக்கா, புள்ள பெட்டி கட்டிட்டானா?" என்றார். நின்றுகொண்டே முதல் வரியிலிருந்து படித்தேன். நடுவில் பால் பொங்கி அடுப்பில் வழிந்தது, அவர் அணைத்துவிட்டு அங்கேயே நின்றார். முடித்ததும் வழிந்த பாலைத் துணியால் துடைத்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"இன்னா டைமுக்கு போன் வந்துச்சின்னு சொன்ன?" என்று கேட்டார்.

"பதினொன்ர."

"பதினொண்ணுக்குத்தான் அவ எனுக்கு போன் பண்ணா. வேன் லேட்டு, இப்பத்தான் சாப்டேன், படுக்கப் போறேன்னா." சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நீ வந்துருந்தா கண்ணுகூட அசந்திருக்க மாட்டாக்கா."

நான் காகிதங்களை மடித்துக்கொண்டு கிளம்பினேன். வாசல்வரை வந்தபோதுதான், "இத எழுத்துல குடுப்பியா, ஆபீஸ்ல?" என்று கேட்டார். குடுப்பேன் என்றேன். "வேல பூடும்." போகட்டும் என்றேன். "அந்தப் பேப்பர்ல எங்கையெழுத்து கீதே, அத அடிக்கணும். அவளுக்கு எதிரா எங்கையெழுத்து இருக்கக் கூடாது" என்றார். நாளை மறுநாள் என்னோடு அவரும் வருகிறார். பேசிக்கொண்டு வருவாரா, தள்ளி நின்று வருவாரா, எனக்குத் தெரியாது. உன்னை பஸ் ஏற்றிவிட அவர் வராமல் போயிருந்தால், ஏன் என்று இப்போது உனக்குத் தெரியும்.

நீயும் எவ்வளவு நாள் வேண்டுமானாலும் என்னோடு பேசாமல் இரு. நான் போன் பண்ணி நச்சரிக்க மாட்டேன். கோபத்தை மட்டும் பாதியாகப் பிரித்து எனக்குத் தள்ளுபடி கொடுக்காதே. திங்கட்கிழமை பத்து மணிக்கு நீ உன் ஆபீஸ் ரிஜிஸ்டரில் முதல் கையெழுத்தைப் போடுவாய். அதே நேரத்துக்கு நான் இங்கே என் கையெழுத்து பொய் என்று எழுதிக் கொடுத்துக்கொண்டிருப்பேன்.

கை மைக்கை உன் பெட்டியில் சட்டைகளுக்கு அடியில் வைத்திருக்கிறேன். அன்று தண்ணீரில் நனைந்தது, ஓடாது என்று கணக்கில் கழித்துவிட்டார்கள், நான்தான் எடுத்து வைத்திருந்தேன். பழவேற்காட்டில் ஒரு பையனிடம் கொடுத்து ரிப்பேர் பார்த்தேன். புது பேட்டரி போட்டு நீலக் கதவுக்கு நேரே வைத்துப் பேசிப் பார்த்தேன். நன்றாகக் கேட்கிறது.

உன் அம்மா